எழுத்து ஒட்டவில்லையா? காதா, வாயா, கண்ணா, கையா என்று முதலில் பாருங்கள்

“நேற்று வரைக்கும் நன்றாகச் சொன்னாள், இன்றைக்குக் கேட்டால் விழிக்கிறாள்.” சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற எல்லோரும் ஒருநாளாவது இப்படிச் சொல்லியிருப்போம். சொன்ன கையோடு, அதே எழுத்தை இன்னும் ஒரு பக்கம் எழுதச் சொல்வோம். நானும் பல ஆண்டு அப்படித்தான் செய்தேன். பிள்ளை எழுதும், பக்கம் நிறையும், மறுநாளும் அதே விழிப்பு. பிறகுதான் புரிந்தது: அந்தப் பிள்ளையின் கையில் ஒரு குறையும் இல்லை, காதில்தான் ஒலி பிரியவில்லை. காதுக்குத் தர வேண்டிய பயிற்சியைக் கைக்குத் தந்துகொண்டிருந்தேன்.

ஓர் எழுத்து வந்துவிட்டது என்றால் நான்கு வேலை முடிந்திருக்கிறது என்று பொருள். காது அந்த ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்கிறது. வாய் அதைச் சொல்கிறது. கண் வடிவத்தை மற்ற வடிவங்களுக்கு நடுவே அடையாளம் காண்கிறது. கை அந்த வடிவத்தைச் சரியான இடத்தில் தொடங்கி எழுதுகிறது. எதில் தடுக்கினாலும் வெளியே தெரிவது ஒரே விஷயம்தான்: “எழுத்து தெரியலை.”

முதலில் 2 நிமிடச் சோதனை

‘ம’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். தொடங்கும்போது தாள், பென்சில் எதுவும் வேண்டாம். “மணி, மரம், கதவு. இதில் எது வேறு மாதிரி ஆரம்பிக்குது?” என்று கேளுங்கள். ‘கதவு’ என்று பிள்ளை சொன்னால் காது சரி. அடுத்து, “நான் சொல்றதை அப்படியே சொல்லு: ம.” இது வாய். பிறகு ம, ப, ட, வ என்று நான்கு அட்டைகளைக் கலைத்துத் தரையில் பரப்பி, “ம எது, எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். இது கண். கடைசியாக, அட்டைகளை மூடிவிட்டு, “ம எழுது.” இது கை.

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் எங்கே தடுக்குகிறதோ, வேலை அங்கேதான். காதில் தடுக்கிய பிள்ளையிடம் பென்சிலைக் கொடுக்காதீர்கள். சோதனையின்போது “தப்பு” என்றும் சொல்ல வேண்டாம். நீங்கள் கண்டுபிடிக்க வந்திருக்கிறீர்கள், திருத்துவது அப்புறம்.

வரிசையில் சொல்கிறாள், கலைத்துக் கேட்டால் தெரியவில்லை

அவளுக்குத் தெரிந்தது பாட்டு. ‘அ’ முதல் ‘ஔ’ வரை ராகத்தோடு சொல்கிற பிள்ளைக்கு ‘எ’ என்பது ‘ஊ’வுக்குப் பின்னால் வருகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். படத்தோடு கற்ற பிள்ளையும் இதே நிலைதான். படத்தைக் கையால் மூடிப் பாருங்கள். “அம்மா” என்று சொன்ன வாய் நின்றுவிட்டால், அதுவரை படித்தது படத்தை.

12 எழுத்தையும் ஒன்றாகக் காட்டுவதை நிறுத்துங்கள். இரண்டே அட்டை, அதிகம் போனால் மூன்று. பிரான்சு நாட்டு மருத்துவர் எடுவார்டு செகான் வகுத்து, மரியா மாண்டிசோரி பரப்பிய மூன்று படி முறை இதற்கு மிக நன்றாக உதவும். முதல் படியில் நீங்களே சொல்கிறீர்கள்: “இது ப. இது ம.” இரண்டாம் படியில் கேட்டு எடுக்க வைக்கிறீர்கள்: “ம-வைக் கொடு. ப-வை மடியில வை. ம-வை ஒளிச்சு வை.” மூன்றாம் படியில்தான் கேள்வி: “இது என்ன?”

அவசரப்படுகிற எல்லோரும் இரண்டாம் படியைத் தாண்டிவிடுகிறோம். உண்மையில் நேரம் முழுக்க அங்கேதான் போக வேண்டும். எடுத்துக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லத் தெரிய இன்னும் சில நாள் ஆகும். மூன்றாம் படியில் தவறினால் திருத்தாமல் முதல் படிக்கே திரும்புங்கள்: “இது ம.” முகத்தில் ஒரு மாற்றமும் வேண்டாம்.

எழுத்து எல்லாம் தெரிகிறது, சேர்த்துப் படிக்க வரவில்லை

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் குறைதான். ஏனென்றால் இது பிள்ளை செய்த பிழை இல்லை, நாம் கற்றுக்கொடுத்த பிழை.

‘பல்’ என்று எழுதிக் காட்டினேன். ஐந்து வயதுப் பையன் விரலை வைத்து, “ப… இல்” என்றான். சேர்த்துச் சொல்லு என்றதும் கொஞ்சம் யோசித்து, “பயில்” என்றான். அவன் மேல் என்ன குற்றம்? ப-வோடு ‘இல்’ சேர்த்துச் சொன்னால் பேச்சில் ‘பயில்’ என்று வருவது இயல்புதான். இரண்டு உயிரொலிக்கு நடுவே ஒரு யகரத்தை அவன் வாய் தானே சேர்த்துக்கொண்டிருக்கிறது. “இக், இங், இச்” என்று மெய்யெழுத்துக்குப் பெயர் சொல்லிப் பழக்கிவிட்டு, படிக்கும்போது அந்த ‘இ’யை விழுங்கிவிடு என்று எதிர்பார்த்தது நாம். ‘கானா, ஙானா’ என்று பழகிய பிள்ளை ‘கடல்’ என்பதைக் “கானா டானா இல்” என்று படிப்பதும் இதே கதை. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. படிக்க வேண்டியது ஒலி.

திருத்தும் வழி: சில வாரத்துக்குப் பெயர்களை ஒதுக்கி வையுங்கள். உயிர்மெய்க்கு அதன் ஒலியே பெயர்: ‘க’, ‘ட’, ‘ப’. மெய்யைத் தனியாகச் சொல்லவே வேண்டாம், முன் எழுத்தோடு ஒட்டியே சொல்லுங்கள். ‘ப’ அட்டையைத் தரையில் வைத்துச் சொல்லிக்கொண்டே இருங்கள், நிறுத்தாதீர்கள்: “பஅஅஅ…” ‘ல்’ அட்டையை மெல்லத் தள்ளிக்கொண்டு வாருங்கள். அது வந்து இடிக்கும் நொடியில் நாக்கு மேலே ஒட்டட்டும்: “பஅஅஅல்.” அட்டையை நீங்கள் தள்ளி, பிறகு பிள்ளை தள்ளட்டும். அந்தப் பையனுக்கு நாலாவது தடவையில் வந்தது. வந்ததும் தன் பல்லைத் தொட்டுப் பார்த்தான்.

எல்லா மெய்யும் இப்படி இழுபடாது. ம், ன், ண், ல், ள், ர், ழ் இழுபடும், அவற்றில் தொடங்குங்கள். க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் அடைபட்டு நிற்பவை. இவை பெரும்பாலும் தன் இனத்தோடு இரட்டித்தே வரும் என்பதால் கைதட்டலாக மாற்றுங்கள்: பட்–டம், பக்–கம். ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. அந்த நிறுத்தம்தான் புள்ளி.

‘இலை’ படத்தைக் காட்டினால் ‘எ’ என்கிறான்

இதைப் பிழை என்று திருத்தும் முன் பிள்ளை என்ன கேட்டு வளர்ந்திருக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டில் யாரும் ‘இலை’ என்று சொல்வதில்லை. ‘எலை’ என்கிறோம். ‘இடம்’ எடம் ஆகிறது, ‘உலகம்’ ஒலகம், ‘உடம்பு’ ஒடம்பு. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த எழுத்து அகரமோ ஐகாரமோ ஏறிய ஒற்றை மெய்யாக இருந்தால், பேச்சில் இ எகரமாகவும் உ ஒகரமாகவும் இறங்கும். ‘இல்லை’யில் மெய் இரட்டித்திருப்பதால் அங்கே இறங்காது, யாரும் ‘எல்லை’ என்று சொல்வதில்லை. ஆக ‘எ’ என்று சொன்ன பிள்ளைக்குக் காது மிக நன்றாக வேலை செய்கிறது. சுவர் அட்டையில் ‘இ’க்கு இலையையும் ‘உ’வுக்கு உரலையும் போட்டது நம் தேர்வுப் பிழை.

ஒலி பழகும் நாட்களில் பேச்சிலும் எழுத்திலும் ஒரே மாதிரி நிற்கும் சொற்களைத் தேடுங்கள். இ-க்கு இடி, இருமல், இருட்டு. உ-வுக்கு உச்சி, உள்ளே, உருட்டு. இருமிக் காட்டலாம், இடி மாதிரி மேசையைத் தட்டலாம், ஒரு பந்தை உருட்டலாம். ஒலி நிலைத்த பிறகு ஒருநாள், “நாம எலைன்னு பேசுவோம், எழுதும்போது இலைன்னு எழுதுவோம்” என்று சொல்லிவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை இதை நாம் நினைப்பதைவிட எளிதாக ஏற்றுக்கொள்ளும். பேசுவது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அம்மா பேசுவதும் தப்பு என்று அதற்குப் பொருளாகிவிடும்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. ‘எலி’யை ‘யெலி’ என்றும் ‘ஒட்டகம்’ என்பதை ‘வொட்டகம்’ என்றும் எழுதுவது: சொல் முதல் எகரத்துக்கு முன் மெல்லிய யகரமும் ஒகரத்துக்கு முன் மெல்லிய வகரமும் பேச்சில் தானாகச் சேர்கின்றன. சத்தம் போடாமல் முதலில் ‘எ’வுக்கு வாயைத் திறந்து வைக்கச் சொல்லி, அப்படியே தொடங்கச் சொன்னால் யகரம் உதிரும். ‘மழை’யை ‘மழ’ என்று எழுதுவது: கடைசி ஐகாரம் பேச்சில் தேய்கிறது. மழை, தலை, கதை என்று ஒரே முடிவுள்ள சொற்களைச் சேர்த்துக் காட்டிக் கண்ணால் பிடிக்க வையுங்கள். இதில் காதை நம்ப முடியாது.

குறிலும் நெடிலும் ஒன்றாகவே இருக்கின்றன

‘கல்’லுக்கும் ‘கால்’லுக்கும் வேறுபாடு பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. கால் வலிக்கிறது என்பதற்குக் கல் வலிக்கிறது என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. தெரிந்ததைக் கவனிக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் மாத்திரைக்கு உடம்பையே அளவாகச் சொல்கிறது. சிறு பிள்ளைக்கு விரல் சொடுக்க வராது, எனவே கையை அளவாக்குங்கள். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்கு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, ரப்பர் இழுப்பது போல விரித்துக்கொண்டே போக வேண்டும். பல் – பால், கல் – கால், விடு – வீடு, முடி – மூடி, கொடு – கோடு. நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை தட்டட்டும் அல்லது இழுக்கட்டும். எழுத்தைக் காட்டாமல் இரண்டு மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள். பிறகு துணைக்காலைக் காட்டி, “இழுத்தோமே, அந்த இழுப்புக்கு இதுதான் அடையாளம்” என்றால் உடனே பிடிபடும்.

எ–ஏ, ஒ–ஓ இரண்டிலும் கண்ணுக்கும் தனிச் சிக்கல் உண்டு. அடியில் ஒரு சின்னக் கோடு, ஒரு சின்னச் சுழி, அதுதான் முழு வேறுபாடு. அந்தக் கோட்டையும் சுழியையும் மட்டும் வேறு நிறத்தில் எழுதிக் காட்டுங்கள்.

‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்று படிக்கிறாள்

‘க’வை வல்லோசையாக மட்டும் பழகியதால் வருவது. கடல், பகல், சங்கு மூன்றிலும் எழுத்து ஒன்று, ஓசை மூன்று விதம். தமிழில் இதற்கு விதி சொல்லித் தரத் தேவையே இல்லை. முதலில் படித்தபடி விட்டுவிட்டு, “பக்கல்னு ஒண்ணு இருக்கா? ராத்திரி போனா என்ன வரும்?” என்று கேளுங்கள். பிள்ளையே திருத்திக்கொள்ளும். ஆனால் இது தெரிந்த சொல்லில்தான் நடக்கும். வெறும் அசைகளைப் படிக்கச் சொன்னால் திருத்திக்கொள்ளப் பிடிமானம் இருக்காது.

ல, ள, ழ குழம்புகிறது. ண, ன, ந குழம்புகிறது

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். “இந்த எழுத்தில் தொடங்கும் சொல் சொல்லு” என்ற கேள்வி பாதி எழுத்துகளுக்குச் செல்லாது. ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது. அதனால் இவற்றுக்குச் சொல்லின் நடுவையும் முடிவையும் கேட்கப் பழக்க வேண்டும். கண், மண், தண்ணீர். பழம், மழை, ஏழு. “முடிவில் என்ன கேட்குது?” என்ற கேள்வி பிள்ளைகளுக்குத் தொடக்கத்தைக் கேட்பதைவிடக் கடினம். அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

ல, ள, ழ மூன்றையும் நாக்கால் பிரியுங்கள். ஒரு கண்ணாடி போதும். ‘ல’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், கண்ணாடியில் நன்றாகத் தெரியும். ‘ள’வுக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும், நாக்கின் அடிப்பக்கம் தெரியும். ‘ழ’வுக்கு அதைவிட வளையும், ஆனால் எங்கும் ஒட்டாது, காற்று தடையின்றிப் போகும். “தொடு, மடிச்சுத் தொடு, மடிச்சுத் தொடாதே.” மூன்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். ல நிலைத்த பிறகு ள, அது நிலைத்துச் சில வாரம் கழித்து ழ. வீட்டில் எல்லோருமே ழகரத்தை ளகரமாகத்தான் ஒலிப்பீர்கள் என்றால், முதலில் பெரியவர்கள் கண்ணாடி முன் நிற்க வேண்டும். கேட்காத ஒலி வாயில் வராது.

ண, ன, ந-வுக்கு நாக்கு வழி அவ்வளவு எளிதில் உதவாது. இன்றைய பேச்சில் ‘ன’வும் ‘ந’வும் பெரும்பாலோர்க்கு ஒரே ஒலி. “ரெண்டு சுழி, மூணு சுழி” என்ற பெயர் கைக்கு உதவுமே தவிர, எந்தச் சொல்லில் எது என்று சொல்லாது. நம் பழைய பெயர்கள் சொல்லும்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன்னால் வருவது ண (வண்டி, நண்டு). த-வுக்கு முன்னால் வருவது ந (பந்து). ற-வுக்கு முன்னால் வருவது ன (கன்று, மூன்று). இதோடு, சொல்லின் முதலில் வருவது எப்போதும் ந. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். 6, 7 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம். 4 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம், வண்டியையும் பந்தையும் எழுதிப் பார்த்துப் பழகட்டும்.

ர, ற-வுக்கும் ஒரு சொல்: தனியாக நிற்கும்போது வேறுபாடு மங்கலாக இருக்கும். காற்று, கன்று என்று கூட்டத்தில் வரும்போது றகரம் தெளிவாக ஒலிக்கும். அந்தச் சொற்களில் தொடங்குங்கள்.

ஒலியே வேறாக வருகிறது

‘கை’ ‘தை’ ஆகிறது, ‘ராஜா’ ‘லாஜா’ ஆகிறது. ரகரமும் ழகரமும் தாமதமாக வருவது இயல்பு, 5, 6 வயதிலும் சில பிள்ளைகளுக்குத் தடுமாறும். அதற்காக எழுத்தை நிறுத்திவைக்க வேண்டாம். “ர எது?” என்றால் சரியாக எடுக்கிற பிள்ளைக்கு ‘ர’ தெரியும், வாய் பின்னால் வரும். ஆனால் 4 வயது தாண்டியும் ககரம் தகரமாகவே இருந்தால், அல்லது வெளியாட்களுக்குப் பேச்சு பாதிக்கு மேல் புரியவில்லை என்றால், பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அடிக்கடி சளி, காதுவலி வரும் பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் முதலில் செவித்திறன் சோதனை.

எழுத்து சரியாக இருக்கிறது, எழுதிய விதம் தவறு

தாளை மட்டும் திருத்துகிறவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது. பக்கத்தில் உட்கார்ந்து கை நகர்வதைப் பார்க்க வேண்டும். ‘ப’ என்பது கையை எடுக்காமல் எழுதும் ஒரே கோடு: மேலிருந்து கீழே, அங்கிருந்து வலப்பக்கம், பிறகு மேலே. ஒரு சிறுமி இதை மூன்று குச்சியாக அடுக்கினாள். முதலில் வலச் சுவர், பிறகு இடச் சுவர், கடைசியில் தரை. பார்க்க அழகான ‘ப’. அவள் எழுதவில்லை, வரைந்தாள். வரைகிற கை ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்கிறது. அதனால் வேகம் வராது, சொல் எழுதும்போது ஒலியை நினைத்துக்கொள்ள மனத்தில் இடமும் இருக்காது.

பென்சிலை வாங்கி வையுங்கள். தோள் அசையும் அளவுக்குப் பெரிய எழுத்து வேண்டும்: சுவர்ப் பலகையில் சாக்கட்டியால், தரையில் ஈரத் துணியால், தட்டில் பரப்பிய மணலில் விரலால். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. எழுதும்போது கை போகும் வழியை வாய் சொல்ல வேண்டும்: “கீழே… பக்கத்திலே… மேலே.” ‘ட’வுக்குக் “கீழே… பக்கத்திலே”, அவ்வளவுதான். ன, ண, ள போன்றவற்றுக்குப் புள்ளி இடப்பக்கச் சுழியில். அப்பா ஒரு விதம், ஆசிரியர் ஒரு விதம் என்று இருந்தால் பிள்ளை மூன்றாவதாகத் தானே ஒரு விதம் கண்டுபிடிக்கும். யாராவது ஒருவருடைய வழிக்கு எல்லோரும் வந்துவிடுங்கள்.

மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகள் இதற்காகவே உருவானவை. இரண்டு விரலால் எழுத்தின் மேல் எழுதும் திசையிலேயே தடவிக்கொண்டு ஒலியைச் சொல்வது. அட்டையில் உப்புத்தாளை வெட்டி ஒட்டினால் வீட்டிலேயே செய்துவிடலாம். கண், கை, வாய், காது நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வதை இவ்வளவு எளிதாக வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘அ’ அகரவரிசையில் முதல் எழுத்து, ஆனால் கைக்கு முதல் எழுத்து இல்லை. ‘இ’ இன்னும் கடினம். காதுக்கும் வாய்க்கும் உயிரெழுத்தில் தொடங்குங்கள், கைக்கு ட, ப, ம-வில் தொடங்குங்கள். இந்த மூன்றோடு புள்ளி சேர்ந்தாலே படம், பட்டம், மட்டம் என்று எழுதிவிடலாம். க, ல சேர்த்தால் கல், பல், பகல், கடல், பக்கம், கம்பம். ஐந்தே எழுத்தில் தானே ஒரு சொல்லை எழுதிவிட்ட பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால், 12 உயிரும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருக்க உங்களுக்கே மனம் வராது.

எழுத்தைத் திருப்பி எழுதுகிறான்

‘ட’வை இடவலம் மாற்றி எழுதுவது 6, 7 வயது வரை சாதாரணம். ஒரு நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நாற்காலிதான் என்று கற்ற கண், எழுத்துக்கு மட்டும் திசை உண்டு என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. தாளின் இடப்பக்க ஓரத்தில் ஒரு நிறக்கோடு போட்டு, எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கொம்பைப் பின்னால் போடுகிறாள்

‘மேடு’ சொல்லி எழுதச் சொன்னால் முதலில் ‘ம’ எழுதுகிறாள், பிறகு இரட்டைக்கொம்புக்கு இடம் இல்லாமல் வலப்பக்கம் ஒட்டவைக்கிறாள். அவள் காதுப்படி அதுதான் நியாயம்: ம் முதலில், ஏ பிறகு. எழுத்தில் மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. வாயும் கையும் எதிரெதிராகப் போகும் இடம் இது.

எழுதத் தொடங்கும் முன் அசையை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள்: “மே.” பிறகு, “முன்னால யாராவது வரணுமா?” என்று கேளுங்கள். எ, ஏ, ஐ மூன்றுக்கும் முன்னால் மட்டும். ஒ, ஓ-வுக்கு முன்னாலும் பின்னாலும். அட்டைகளை வைத்து ‘ம’வுக்கு இருபுறமும் கொம்பையும் காலையும் நகர்த்தி விளையாடிய பிள்ளை தாளில் இடம் விட்டு எழுதும். ‘கௌ’ வரிசையை அவசரமாக எடுக்காதீர்கள். அதன் கடைசி உறுப்பு ‘ள’ போலவே இருப்பதால், பெரியவர்களே ‘கெள’ என்று படித்துத் தடுமாறுவதுண்டு.

கு, சு, து எதுவும் நினைவில் நிற்கவில்லை

உகர வரிசையில் ஒரே அடையாளம் எல்லாவற்றிலும் வருவதில்லை என்பதுதான் காரணம். வரிசையாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட வடிவப்படி மூன்று கூட்டமாகப் பிரித்து வையுங்கள். வலமிருந்து கீழாக வளைந்து வருபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. நேராகக் கோடு இறங்குபவை: ஙு, சு, பு, யு, வு. சுழித்து வலப்பக்கம் மேலே ஏறுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம். ஊகாரம் அப்புறம்.

பாட்டி வேறு ‘லை’ எழுதுகிறார்

பாட்டி எழுதுவது தப்பில்லை. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வரும் முன் லை, ளை, ணை, னை-க்கு யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு இருந்தது. ணா, றா, னா-வுக்கும் வேறு வடிவம். “அது பாட்டி படிச்சப்போ இருந்த எழுத்து” என்று காட்டுங்கள். எழுதுவதற்கு இன்றைய வடிவம் போதும்.

சீக்கிரம் கை வலிக்கிறது, தாள் கிழிகிறது

முழு உள்ளங்கையால் பென்சிலைப் பிடிக்கிற பிள்ளையின் விரலை ஒவ்வொரு முறையும் பிரித்து வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். சாக்கட்டியைக் கட்டைவிரல் பாதி நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சிறியதை உள்ளங்கையால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானே கூடும். களிமண் உருட்டுவது, துணி பிழிவது, கிளிப் மாட்டுவது எல்லாம் எழுத்துப் பயிற்சிதான்.

இடக்கைப் பிள்ளையின் கையை மாற்றாதீர்கள். தாளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, மேல் ஓரம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். பார்த்து எழுதும் மாதிரி எழுத்து இடப்பக்கம் இருந்தால் அதன் கையே அதை மறைக்கும், அதனால் வலப்பக்கத்திலும் ஒன்று எழுதி வையுங்கள்.

பார்த்து எழுதுகிறான், சொன்னால் எழுத வரவில்லை. நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை

இரண்டுக்கும் காரணம் ஒன்று: நினைவிலிருந்து எடுக்க நாம் வாய்ப்பே தரவில்லை. பத்து முறை பார்த்து எழுதும்போது இரண்டாவது ‘க’ முதல் ‘க’வைப் பார்த்து வருகிறது, ஆறாவது ‘க’ ஐந்தாவது பிழையைப் பார்த்து வருகிறது. ஒருமுறை பார்க்கட்டும், மூடுங்கள், ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும், திறந்து தானே ஒப்பிடட்டும். மூன்று முறை போதும். எழுதிய மூன்றில் எது நன்றாக வந்திருக்கிறது என்று பிள்ளையையே வட்டம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியானதைத்தான் தேர்ந்தெடுக்கும்.

ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம், மறுநாள் ஒருமுறை, இரண்டு நாள் விட்டு இன்னொருமுறை. புது எழுத்தை எடுக்கும் முன் பழைய மூன்று அட்டைகளைத் தரையில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். மூன்றும் வந்தால் புது எழுத்து. ஒன்று வரவில்லை என்றால் அன்றைக்குப் புது எழுத்து கிடையாது, அந்த ஒன்றுக்கு மட்டும் 2 நிமிடச் சோதனையை மறுபடி தொடங்குங்கள்.